பேச்சிராஜா எறிந்த முதல் பாக்கெட்

பேச்சிராஜாவை நேரில் பார்ப்பதற்கு முன்பே அவர் குரல் எனக்கு நன்றாகப் பழக்கம். குர்லாவில் எங்கள் ஆபீஸ். ஒரு மொட்டை மாடியிலிருந்து இன்னொரு மொட்டை மாடிக்குக் கம்பியில்லாமல் இன்டர்நெட் அனுப்புகிற ரேடியோ விற்கிறோம். வாங்கினவர்கள் கோளாறு என்று போன் செய்தால் எடுப்பது என் வேலை. ஹெல்ப்லைனில் செம்பூர்க்காரன், பாலக்காட்டுத் தமிழன் ஒருத்தன் இருக்கிறான் என்று தெரிந்த நாளிலிருந்து தாராவிக்காரரான இவர் இந்தியை விட்டுவிட்டு என்னைத்தான் கேட்டு வாங்குவார். மற்றவர்கள் போன் செய்தால் கத்துவார்கள். இவர் கேள்வி கேட்பார்.

"சார், ஒரு பாக்கெட்டு ரேடியோக்குள்ள போச்சுன்னா எம்புட்டு நேரம் உள்ள ஒக்காந்திருக்கும்?"

நாம் அனுப்புகிற படமோ பேச்சோ முழுசாகப் போவதில்லை. துண்டு துண்டாக நறுக்கித்தான் போகும். அந்தத் துண்டுக்குப் பெயர் பாக்கெட்.

"எதுக்குக் கேக்கறேள்? லைன் சரியா போறதோல்லியோ?"

"லைனு பரோபர் போவுது சார். சும்மா, தெரிஞ்சுக்கிடலாம்னுதான்."

இப்படிச் சும்மா தெரிந்துகொள்ளப் போன் செய்கிற வாடிக்கையாளர் எங்கள் கம்பெனிக்கு அவர் ஒருத்தர்தான். எனக்கு அவரை அதனாலேயே பிடித்துப்போயிற்று. மேனேஜருக்கு அதனாலேயே பிடிக்கவில்லை.

பேச்சிராஜாவுக்குப் பூர்வீகம் நாங்குநேரிப் பக்கம். ஆனால் பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் தாராவியில். அப்பா பதின்மூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் பிரித்தவர். மும்பை தூக்கியெறிகிற வாளி, மூடி, உடைந்த பொம்மை எல்லாம் அங்கே வந்து, நிறம் பார்த்துப் பிரிபட்டு, அரைபட்டு, உருகி, மறுபடி வாளியாகக் கடைக்குப் போகும். ஊருக்கெல்லாம் பங்கார் என்றால் குப்பை. அந்த வீட்டில் அது சரக்கு. அதில் வளர்ந்த மனிதருக்கு எதையும் எறிய மனசு வராது. அவர் கடையில் நான் பார்த்த பழைய அடாப்டர்களை வைத்தே இன்னொரு கடை போடலாம். எது வேலை செய்யும், எது செய்யாது என்று அவருக்கே தெரியாது. ஆனாலும் ஒன்றும் வெளியே போகாது.

வாலிபத்தில் கேபிள் டிவிக்குக் கம்பி இழுத்தார். பிறகு ஜனங்கள் டிவியை விட்டுப் போனுக்கு மாறினதும் இவரும் இன்டர்நெட்டுக்கு மாறினார். அந்தச் சந்துகளில் பூமியைத் தோண்டிக் கேபிள் போடுவது நடக்காத காரியம். அதனால் சயான் பக்கத்து உயரமான கட்டடம் ஒன்றின் உச்சியில் ஒரு ரேடியோ, தாராவிக்குள் ஒரு பத்ரா, அதாவது தகரக் கூரைக்கு மேல் குழாய் நட்டு அதில் இன்னொரு ரேடியோ. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். கீழே சந்துக்குச் சந்து வீடுகளும் பட்டறைகளும் அந்த ஒரே ரேடியோவில் தொங்கின.

ரேடியோவால் ஒரு நேரத்தில் அனுப்ப முடிந்தது கொஞ்சம்தான். அதற்கு மேல் வந்தால் பாக்கெட்டுகள் உள்ளே வரிசையில் நிற்கும். வரிசை நிரம்பிவிட்டால் புதிதாக வருவதை ரேடியோ கைவிட்டுவிடும். எத்தனை விழுந்தது என்று திரையில் ஓர் எண் சிவப்பாகக் காட்டும். சாயங்காலமானால் பேச்சிராஜா அந்த எண் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருப்பார். காசு கொடுத்தவன் பாக்கெட் கீழே விழலாமா? ஒருநாள் ரேடியோவின் செட்டிங்கில் வரிசையின் நீளத்தைக் கூட்டுகிற இடத்தை அவரே கண்டுபிடித்தார். எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டினார். சிவப்பு எண் நின்றுவிட்டது.

"சார், ஒண்ணுகூட விழல!" என்று எனக்குப் போன். பிள்ளை பாஸாகிவிட்டான் என்று சொல்கிற குரல். என்ன செய்தார் என்று மட்டும் சொல்லவில்லை.

தாராவியில் ரேடியோ நட்ட அந்தக் கூரை ஷாகுல் ஹமீதுடையது. கீழே அவருடைய தோல் பை பட்டறை. அதற்கு மேல் ஏணி வைத்த மாளாவில், அதாவது பரணில், குடும்பம். அவர் ஒரே மகள் சாதியாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பம்பாயில் காது கேளாதோர் பள்ளியில் படித்தவள். பைக்குக் கைப்பிடி தைப்பதில் அந்தப் பட்டறையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவளுக்கு மேலப்பாளையத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பெயர் காஜா. அவனுக்கும் காது கேட்காது; செல்போன் ரிப்பேர் செய்கிறான். இரண்டு பேரும் தினமும் சாயங்காலம் வீடியோ காலில் சைகையில் பேசிக்கொண்டார்கள். மேலப்பாளையத்துச் சைகை ஒன்று, பம்பாய்ச் சைகை ஒன்று. ஒருவர் கையை இன்னொருவர் படிக்கவே முதல் சில வாரம் போயிற்று. அதற்குப் பிறகு சாதியா தைக்கும்போதே சிரித்துக்கொள்ள ஆரம்பித்தாள் என்று ஷாகுல் ஹமீது சொன்னார்.

மழை ஆரம்பித்த வாரத்தில் மாப்பிள்ளையின் உம்மாவிடமிருந்து போன் வந்தது. "பொண்ணுக்கு விருப்பம் இல்லபோலுக்கு. நீங்கதான் கட்டாயப்படுத்துறீக. எம் மகன் மனசத் தொறந்து கேட்ருக்கான், என்னப் புடிச்சிருக்கான்னு. அவ பதுமை மாதிரி ஒக்காந்திருக்கா. ஒரு பதிலும் சொல்லல." வேறு இடத்தில் ஒரு பெண் பார்த்திருப்பதாகவும் சொன்னார். வர்ற ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை பேசிப் பார்க்கட்டும், அதோடு முடிவு.

சாதியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பிடித்திருக்கிறது என்று அவள் உடனே சொல்லியிருந்தாள். இது தெரிந்ததும் காஜாவுக்கு மெசேஜும் எழுதினாள். வாப்பா பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்திருப்பார் என்று அங்கே சொல்லிவிட்டார்களாம். எழுத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம். முகத்தை அப்படிச் செய்ய முடியாது. சைகையில் பாதிப் பேச்சு முகத்தில்தான் இருக்கிறது.

ஷாகுல் ஹமீது நேராகப் பேச்சிராஜா கடைக்கு வந்து சத்தம் போட்டார். "ஏ பேச்சி, ஒன் நெட்டு எம் புள்ள வாழ்க்கையக் கெடுத்துரும்போலுக்கே! படம் நின்னு நின்னு போவுதுங்கா. என்னவே லஃப்டா இது?"

பேச்சிராஜா முதலில் ஸ்பீடு டெஸ்ட் போட்டார். வேகம் அமர்க்களமாக இருந்தது. கூரை ஏறி மழையில் ரேடியோவைத் திருப்பிச் சரிசெய்தார். சயான் கட்டடத்துக்கு இன்னும் வேகமான பிளான் வாங்கிப் போட்டார். கடைசியில் வரிசையை இன்னும் கொஞ்சம் நீட்ட முடியுமா என்று எனக்குப் போன் செய்தார். அவர் அதை ஏற்கெனவே நீட்டியிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"வரிசைய எவ்வளவு வெச்சிருக்கேள்?"

சொன்னார். நான் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன்.

சனிக்கிழமை நானே தாராவிக்குப் போனேன். கம்பெனி அனுப்பவில்லை. பேச்சிராஜா போனில் கல்யாணக் கதையை முழுக்கச் சொல்லியிருந்தார். மேலப்பாளையத்தில் ஒருவன் பெண்ணின் பதிலைப் பார்க்கவில்லை. தாராவியில் ஒருத்தி பதில் சொன்னேன் என்கிறாள். இரண்டு பேருமே பொய் சொல்லாமல் இது எப்படி நடக்கும்? எனக்கு அது தெரிந்தாக வேண்டும். நானும் பேச்சிராஜா ஜாதிதான் போலிருக்கிறது.

பேச்சிராஜா குரலுக்குப் பொருத்தமே இல்லாமல் ஒல்லியாக, நரைத்த மீசையோடு இருந்தார். பட்டறையில் ஆட்கள் அன்றைய பைகளை முடித்து, ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எடுக்க எடுக்க அந்தப் படங்கள் தானாக இன்டர்நெட்டில் ஏறிக்கொண்டிருந்தன. ஷாகுல் ஹமீதோடு நாங்கள் மேலே ஏறினோம். சாதியா மாளாவின் ஜன்னலோரம் நின்றாள். வீட்டில் சிம் டவர் கிடைக்கிற ஒரே மூலை அது. ஒரு கோடுதான் காட்டும், அதுவும் ஆள் நகர்ந்தால் போய்விடும். அவள் கையில் இரண்டு போன்கள். ஒன்று பேச்சிராஜாவின் வைஃபையில், மற்றது சிம்மில். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வீடியோ கால் போட்டு, வைஃபை போனை அலமாரியில் தன்னைப் பார்க்க நிறுத்தினாள். சிம் போனை அந்த மூலையிலேயே எங்களிடம் கொடுத்தாள்.

கையை உயர்த்தினாள். எங்கள் திரையில் அவள் சும்மா நின்றாள். கையை இறக்கினாள். அப்போதும் சும்மா நின்றாள். அதற்குப் பிறகுதான் திரையில் கை ஏறியது.

பேச்சிராஜா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று அவளிடம் விரலைக் காட்டிக் கேட்டார். அவளும் சலிக்காமல் தூக்கினாள். நாலைந்து தரம் ஆனதும் அவள் சட்டென்று நிறுத்திவிட்டுத் தன் வாப்பாவைப் பார்த்தாள். முகம் மாறியிருந்தது. கைகள் வேகமாக ஓடின. ஷாகுல் ஹமீது பார்த்துக்கொண்டே இருந்தவர், ஏணிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன பாய்?" என்றார் பேச்சிராஜா.

"அவன் கேட்டான். இவ உடனே ஆமான்னா. ரெண்டு மூணு செகண்டு கழிச்சு அவன் தலையக் குனிஞ்சான். வெக்கப்படுதான்னு இவ நெனச்சா. இப்பச் சொல்லுதா, அவன் குனிஞ்ச பெறவுதான் இவ ஆமா அங்க போயிருக்கும்னு." மகளைப் பார்த்தார். "கேக்குதவன் குனிஞ்சாலும் காதுல விழும். இவனுக்கு விழாதுல்லா."

அந்த இரண்டு மூன்று விநாடி காஜா அங்கே எப்படி உட்கார்ந்திருப்பான் என்று நினைத்துப் பார்த்தேன். வாழ்க்கையிலேயே பெரிய கேள்வியைக் கேட்டுவிட்டு, அசையாத ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். தாங்க முடியாமல் கண்ணைத் தாழ்த்தியிருக்கிறான். அவள் சம்மதம் அவன் உச்சந்தலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கடைக்குத் திரும்பி பேச்சிராஜாவின் கம்ப்யூட்டரில் வரிசையைக் காட்டினேன். பைகளின் படங்கள் ஆயிரக்கணக்கான பாக்கெட்டாக முன்னால் நின்றன. சாதியாவின் கை அசைவு அவற்றுக்கெல்லாம் பின்னால் நின்றது. ஒன்றும் விழவில்லை. ஒன்றும் நேரத்துக்குப் போகவுமில்லை.

"வரிசைய நீட்டினேள். விழாம பாத்துண்டேள். ஆனா காத்திருக்கற நேரம்னா வளந்துடுத்து" என்றேன்.

"அப்பம் பழையபடி சின்னதாக்கிருவமா?"

"அதுவும் போறாது. மழை பெஞ்சா ரேடியோ வேகம் பாதியாயிடும். காலம்பற சரியா இருந்த நீளம் சாயங்காலம் தப்பாப் போயிடும். எத்தனை பாக்கெட் நிக்கறதுன்னு எண்ணப்படாது. ஒவ்வொண்ணும் எத்தனை நாழி நிக்கறதுன்னு பாக்கணும்."

எங்கள் ரேடியோவுக்குப் புது மென்பொருள் வந்திருந்தது. அது பாக்கெட் உள்ளே நுழைகிற நேரத்தைக் குறித்துக்கொள்ளும். ஒவ்வொரு போனின் பேச்சுக்கும் படத்துக்கும் தனித்தனி வரிசை போடும். பைப் படங்களுக்குப் பின்னால் சாதியா நிற்க வேண்டாம். எந்த வரிசையாவது விடாமல் தேங்கிக்கொண்டே இருந்தால், அதிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து எறிந்துவிடும். அப்படியும் தேங்கினால் இன்னொன்றை எறியும்.

இதுவரை ஆர்வமாகக் கேட்டவர் கையைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டார்.

"எறியச் சொல்லுதீயளா?"

"ஆமா."

"யாரு பாக்கெட்ட?"

"யார் வரிசை தேங்கறதோ, அவாளோடத."

"வேற வழி பாருங்க சார். அடுத்தவன் தூக்கிப் போட்டதப் பொறக்கிச் சாப்ட்டு வளந்த ஒடம்பு இது. நல்ல பாக்கெட்ட நான் எறிய மாட்டேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஓர் எண்ணைப் பூஜ்யமாக வைக்கிற பெருமைக்காக ஒரு பெண்ணின் கல்யாணத்தைப் பலி கொடுக்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன். அவரும் விடவில்லை. அப்படியானால் நாளைக்கு எல்லாப் பட்டறையிலும் போட்டோ ஏற்றாதே என்று சொல்லிவிடலாமே என்றார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கிரிக்கெட் மேட்ச் வேறு இருக்கிறது. சந்து சந்தாகப் போய் யார் யாரை நிறுத்துவீர்கள் என்றேன். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு டீ குடித்தோம்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு அவர்தான் கேட்டார். "சார், எறிஞ்ச பாக்கெட்டு எங்க போவும்?"

"எங்கயும் போகாது. அது வந்து சேரலைன்னு அனுப்பினவனுக்குத் தெரிஞ்சுடும். மறுபடி அனுப்புவான். அடடா, அங்க நெரிசல்போல இருக்குன்னு கொஞ்சம் நிதானமா அனுப்புவான்."

"மறுபடி வருமா?"

"வரும்."

"அந்தப் பைப் படம் மொத்தமா போயிச் சேந்துருமா? ஒரு மூல கூடக் கொறையாம?"

"கொறையாது. கொஞ்சம் லேட்டாகும். போட்டோதானே, லேட்டானா என்ன? கைச்சைகைதான் லேட்டானா உபயோகமில்லை."

அவர் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. "பெறவு அது எறியதே இல்லியே சார். இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

ஹெல்ப்லைனில் இத்தனை வருஷம் இருந்தும் இதை யாருக்கும் இப்படி நான் சொன்னதில்லை. பாக்கெட் விழும் என்றுதான் சொல்லுவோம், திரும்பி வரும் என்று சொல்ல மாட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சயான் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யாததால் நடந்தே ஏறி மேல் ரேடியோவில் மென்பொருளை மாற்றினோம். பிறகு தாராவிக் கூரையில் கீழ் ரேடியோவில். முடித்துவிட்டு ஸ்பீடு டெஸ்ட் போட்டால் வேகம் முன்பைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தது. ஒரு வாடிக்கையாளர் அதற்குள் போன் செய்து என்னய்யா ஸ்பீடைத் திருடுகிறாய் என்று திட்டினார். பேச்சிராஜா என்னைப் பார்த்தார். நானும் கொஞ்சம் பயந்துதான் போனேன்.

சாயங்காலம் மேட்ச் ஆரம்பித்தது. பட்டறையில் வழக்கம்போலப் படங்கள் ஏறின. நிறுத்த வேண்டாம் என்று பேச்சிராஜாவே சொல்லிவிட்டார். இன்று மட்டும் நிறுத்தினால் நாளைக்கு அந்தப் பிள்ளை எப்படிப் பேசும் என்றார். சாதியா மாளாவில் விளக்குக்கு நேரே உட்கார்ந்து போனை நிறுத்தினாள். மேலப்பாளையம் எடுத்தது.

நாங்கள் மூன்று பேரும் ஏணிக்குக் கீழே நின்றோம். அங்கிருந்து அவள் கைகள் தெரிந்தன. பேச்சிராஜா சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் திரும்பினேன். சைகையைப் பார்ப்பது ஒட்டுக்கேட்பதுதானே. வாப்பா மட்டும் திரும்பவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது.

பேச்சிராஜா கையில் அவர் போன். அதில் அந்தச் சிவப்பு எண். பூஜ்யமாக இருந்தது. பிறகு ஒன்று. அவர் பல்லைக் கடித்தது எனக்குத் தெரிந்தது. மறுபடி ஒன்று. ஒவ்வொரு தடவை ஏறும்போதும் பட்டறையில் போட்டோ எடுக்கிறவர்களைத் திரும்பிப் பார்த்தார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. படங்கள் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

"அய்யோ, சண்ட போடுதாங்களே" என்றார் ஷாகுல் ஹமீது.

திரும்பிப் பார்த்தேன். சாதியாவின் கைகள் காற்றை அறைந்துகொண்டிருந்தன. வளையல் குலுங்கியது. ஒரு கையை நீட்டி நிறுத்து என்றாள், மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி அங்கிருந்து ஏதோ வர, பாதியில் விட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எதுக்காம்?" என்றார் பேச்சிராஜா சுவரைப் பார்த்தபடியே.

"கல்யாணத்துக்குப் பெறவு மேலப்பாளையம் வரணுங்கான் போல. இவ பம்பாய விட்டு வரமாட்டேங்கா. நீ இங்க வந்து கட போடுங்கா. அவன் இவள முடிக்க விடமாட்டேங்கான், இவ அவன முடிக்க விடமாட்டேங்கா." அவர் பேச்சிராஜாவின் தோளைப் பிடித்தார். "ஏ பேச்சி, நிப்பாட்டுவே. பழையபடி மாத்திரு. பதுமையா இருந்தாக்கூடப் பரவால்ல."

பேச்சிராஜா அசையவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து காரியத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று நினைத்தேன்.

மேலே விளக்கு அணைந்தது. சாதியா இறங்கி வந்தாள். முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கியது. ஷாகுல் ஹமீது இரண்டு கையையும் விரித்து என்ன என்று கேட்டார். அவள் சுருக்கமாக ஏதோ சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். அவர் அங்கேயே நின்றார். கண் நிறைந்திருந்தது.

"என்ன பாய் சொல்லுது புள்ள?" என்றார் பேச்சிராஜா.

"குறுக்க குறுக்கப் பேசுதானாம்" என்றார் ஷாகுல் ஹமீது. "இவனத்தான் கட்டுவேங்கா."